வெயில் ஊரில் வெயில் பஞ்சம்



வேலூர் வெயிலைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி தொடங்கிவிட்டால், அதிக வெப்பம் பதிவான ஊர்களின் பட்டியலில் நம் ஊர் தவறாமல் இடம் பிடித்துவிடும். வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்தத் தோல் தொழில் வட்டாரத்தில் தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு. வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது என்றுதான் நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

ஆனால் மருத்துவர்களின் இரத்தப் பரிசோதனை வேறு கதை சொல்கிறது. வெயிலால் நம் உடலில் உண்டாக வேண்டிய வைட்டமின் 'டி', நம்மில் பலருக்குப் போதிய அளவு இல்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்தக் குறை இருந்தது. குறை பெரியவர்களோடு நிற்கவில்லை; இளைஞர்களிடமும் பரவலாகக் காணப்படுகிறது.

இதையொட்டி இப்போது இன்னொரு பேச்சும் கிளம்பியிருக்கிறது. "பையன் சோர்ந்து கிடக்கிறான், யாரிடமும் பேசுவதில்லை, படிப்பில் மனம் செல்லவில்லை. இரத்தம் சோதித்தோம், வைட்டமின் 'டி' குறைவாம். மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறோம், சரியாகிவிடும்" என்று பெற்றோர் சொல்வதை அடிக்கடி கேட்கலாம். மாத்திரையைக் கொடுத்ததும் கேள்வி முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். கேள்வி அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆனால் இது கதிர்வீச்சும் காரணகாரியமும் கலந்த பிரச்சினை. அதைப் பற்றிப் பேச இயற்பியல் ஆசிரியனுக்கும் கொஞ்சம் உரிமை உண்டு அல்லவா?

தோலில் ஒரு தொழிற்சாலை

தோலைப் பற்றி நம் வட்டாரத்துக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப் போட்டு, ரோமத்தையும் அதோடு ஒட்டிய மெல்லிய மேல்தோலையும் நீக்கிவிட்டு, அடியில் உள்ள உறுதியான பகுதியைத்தான் பதனிடுகிறார்கள். வேண்டாம் என்று கழிக்கப்படுகிறதே, அந்த மெல்லிய மேல்தோல்தான் உயிருள்ள உடலில் வைட்டமின் 'டி' தயாராகும் இடம்!

மேல்தோலின் உயிரணுக்களில் 7-டீஹைட்ரோகொலஸ்டிரால் என்ற பொருள் இருக்கிறது. சூரிய ஒளியில் ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள 'புற ஊதா பி' கதிர்கள் பட்டால், இதன் மூலக்கூறில் ஒரு வளையம் அறுந்து திறக்கிறது. பிறகு உடற்சூட்டிலேயே அது மெல்ல மாறி வைட்டமின் 'டி' ஆகிறது. இரத்தம் அதைக் கல்லீரலுக்குக் கொண்டு செல்கிறது. அங்கே ஒரு மாற்றம். பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம். அதன் பின்னரே அது முழுமையாக வேலை செய்யும் பொருளாகிறது. நாம் உண்ணும் கால்சியம் குடலிலிருந்து உடலில் சேர அதன் உதவி வேண்டும். இரத்தப் பரிசோதனையில் அளக்கப்படுவது கல்லீரலிலிருந்து வெளிவரும் இடைநிலைப் பொருள்.

கண்ணுக்குத் தெரியும் ஒளி இந்த வேலையைச் செய்யாதா என்று நீங்கள் கேட்கலாம். செய்யாது. 300 நானோமீட்டர் கதிரின் ஒரு ஃபோட்டானில் ஏறத்தாழ 4.1 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது. 550 நானோமீட்டர் பச்சை ஒளியின் ஃபோட்டானில் இருப்பது 2.3 தான். வளையத்தை அறுக்க அது போதாது. பச்சை ஒளியை எத்தனை மடங்கு அதிகமாகப் பாய்ச்சினாலும் பயன் இல்லை. ஒளிமின் விளைவுப் பாடத்தில் நீங்கள் படிக்கும் அதே நியாயம்தான் இங்கும்.

சாதாரண சன்னல் கண்ணாடி இந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். எனவே கண்ணாடி சன்னல் ஓரம் உட்கார்ந்தால் வெளிச்சம் வரும், சூடும் வரும். வைட்டமின் 'டி' வராது.

நிழலை அளந்து பாருங்கள்

"காலை இளவெயிலில் நின்றால் வைட்டமின் 'டி' கிடைக்கும்" என்று பலரும் சொல்வார்கள். இதை நீங்களே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஒரு மீட்டர் நீளக் குச்சி ஒன்றைப் பள்ளி மைதானத்தில் செங்குத்தாக நட்டு, மணிக்கு ஒரு முறை நிழலை அளந்து எழுதுங்கள்.

சூரியன் சாய்ந்திருக்கும்போது அதன் கதிர்கள் காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் கடந்து வர வேண்டியிருக்கிறது. வழியில் ஓசோன் படலம் 'புற ஊதா பி' கதிர்களை விழுங்கிவிடுகிறது. நிழல் குச்சியை விட நீளமாக இருக்கும்வரை தரைக்கு வந்து சேரும் அந்தக் கதிர் மிகக் குறைவு. நிழல் குச்சியை விடச் சிறுத்துவிட்டால் ஓரளவு வருகிறது. இது தோராயமான விதிதான் என்றாலும் நல்ல விதி. வேலூரின் அட்சரேகை ஏறத்தாழ 12.9 பாகை. இதை வைத்துக் கணக்கிட்டால், மார்ச் மாதத்தில் காலை ஒன்பதரை மணி சுமாருக்கு நிழல் குச்சியின் அளவுக்குக் குறையும். டிசம்பரில் பத்தரை ஆகிவிடும். காலை ஏழு மணி வெயில் உடலுக்கு இதமாக இருக்கலாம். தோலின் தொழிற்சாலை அப்போது ஓடுவதில்லை.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. நம் பக்கத்து ஊரான திருப்பதியில் மருத்துவர் ஹரிநாராயணும் அவருடைய குழுவினரும் 7-டீஹைட்ரோகொலஸ்டிரால் அடைத்த சிறு கண்ணாடிக் குப்பிகளை வெவ்வேறு நேரங்களில் வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். பகல் பதினொன்று முதல் இரண்டு மணி வரைதான் மாற்றம் மிக அதிகமாக நடந்தது. முடிவு 2013இல் வெளிவந்தது.

டிசம்பர் 22 உச்சிப் பொழுதில் வேலூரில் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் சுமார் 73 செ.மீ. அதே நாளில் இலண்டனில் அது 3.7 மீட்டர்! அங்கே குளிர்காலம் முழுவதும் வெளியே நின்றாலும் வைட்டமின் 'டி' உண்டாகாது. நமக்கோ ஆண்டில் ஒரு நாள் கூட அந்தத் தடை இல்லை. அப்படியானால் நமக்கு ஏன் பஞ்சம்?

வானத்தில் இல்லை குறை

குறை நம் நாளின் அமைப்பில் இருக்கிறது. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்யும் ஓர் அக்காவின் நாளை நினைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருப்பார். காலையில் நிழல் நீண்டு கிடக்கும்போதே கம்பெனி வண்டி ஏறுகிறார். பகல் முழுவதும் கூரைக்குக் கீழே, குழல் விளக்கின் அடியில், தையல் இயந்திரத்தின் முன். சாப்பாடும் உள்ளேதான். வெளியே வரும்போது மறுபடியும் நிழல் நீண்டுவிட்டது. இந்த ஊரின் வெயில் அவருக்கு வாரத்தில் ஒரு நாள்தான்.

உங்கள் நாள் மட்டும் எப்படி இருக்கிறது? ஏழு மணிக்கு ட்யூஷன். ஒன்பது முதல் நான்கு வரை வகுப்பறை. மாலையில் மறுபடி ட்யூஷன். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்துவிட்டால் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக் கொள்கிறார். (இயற்பியல் ஆசிரியரும் எடுத்துக் கொள்வதுண்டு!) மீதி நேரம் கைப்பேசி. உடல் முழுதும் மூடும் உடை அணிவோருக்கும், கருநிறம் உள்ள நமக்கும், அதே அளவு வைட்டமின் உண்டாகக் கூடுதல் நேரம் வேண்டும். தோலின் மெலனின் அந்தக் கதிர்களைத் தானே உறிஞ்சிக் கொள்கிறது என்பதே காரணம்.

திருப்பதிப் பகுதியில் நடந்த ஆய்வுகளில், வயலில் வேலை செய்யும் கிராமத்தாருக்கு நகரவாசிகளை விட இரத்தத்தில் வைட்டமின் 'டி' கூடுதலாக இருந்தது. டில்லியில் நடந்து 2000இல் வெளியான ஆய்விலும், வெளியில் பயிற்சி செய்யும் இராணுவ வீரர்களுக்கு இருந்த அளவு, மருத்துவமனைக்குள்ளேயே பணிபுரிந்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும் இருந்ததை விட மிக அதிகம். மருந்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கே குறை!

உணவால் இதை ஈடுகட்டுவதும் எளிதல்ல. கொழுப்பு நிறைந்த மீன், மீன் எண்ணெய், முட்டையின் மஞ்சள் கரு ஆகியவற்றில் மட்டுமே இயற்கையாகக் குறிப்பிடத்தக்க அளவு உண்டு. வைட்டமின் சேர்த்த பாலும் எண்ணெயும் விற்கிறார்கள்; உறையில் 'செறிவூட்டப்பட்டது' என்ற குறியைப் பார்த்து வாங்கலாம்.

மனத்துக்கும் இதற்கும் என்ன உறவு?

வைட்டமின் 'டி'யின் பழைய பெருமை எலும்பைச் சேர்ந்தது. 1919இல் பெர்லின் மருத்துவர் ஹுல்ட்ஷின்ஸ்கி, ரிக்கெட்ஸ் நோயால் எலும்பு வளைந்த குழந்தைகளுக்குப் புற ஊதா விளக்கொளி காட்டிக் குணமாக்கினார். அதன் பிறகு நெடுங்காலம் 'டி' என்றால் எலும்பு என்றே இருந்தது. ஆனால் 2005இல், இந்த வைட்டமினைப் பற்றிக் கொள்ளும் ஏற்பிகள் மனித மூளையின் பல பகுதிகளிலும் இருப்பதாக ஓர் ஆய்வு காட்டியது. மூளையில் அதற்கு ஏதோ வேலை இருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது.

இளைஞர்களைப் பற்றிய ஆய்வுகளும் வந்தன. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 615 இளைஞர்களைச் சோதித்து 2014இல் வெளியான ஆய்வில், வைட்டமின் 'டி' குறைந்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் அதிகமாக இருந்தன. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் 185 கல்லூரி மாணவியரை ஐந்து வாரம் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வும் அதே திசையைக் காட்டியது. உடற்பயிற்சி, வெளியில் கழித்த நேரம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பின்னும் அந்தத் தொடர்பு மறையவில்லை.

இவ்வளவு போதாதா, மாத்திரை கொடுத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் விஞ்ஞான மாணவன் ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

சேர்ந்து வருவது வேறு, காரணமாவது வேறு

ஆம்பூர்ச் சந்தையில் மாம்பழ விற்பனை கூடும் மாதங்களில் மின்விசிறி விற்பனையும் கூடும். மாம்பழம் தின்றதால் வியர்த்து விசிறி வாங்கினார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டுக்கும் பின்னால் கோடைக்காலம் இருக்கிறது.

வைட்டமின் 'டி' குறைவும் மனச்சோர்வும் சேர்ந்து வருவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, குறைவு சோர்வை உண்டாக்கலாம். இரண்டாவது, சோர்ந்தவர் அறைக்குள் முடங்கிக் கிடப்பதால் வைட்டமின் குறையலாம். மூன்றாவது, மூன்றாம் காரணம் ஒன்று இரண்டையும் ஒருசேர உண்டாக்கலாம். விளையாட்டு இல்லாத, நண்பர் இல்லாத, தூக்கம் குறைந்த, நாள் முழுதும் அடைந்து கிடக்கும் வாழ்க்கை அப்படிப்பட்ட காரணம். மேலும் ஒரு சிக்கல்: வைட்டமின் மிகவும் குறைந்தால் தசை பலவீனமும் உடல்வலியும் அசதியும் வரும். மனச்சோர்வை அளக்கும் வினாத்தாளிலும் அசதியைப் பற்றிய கேள்வி உண்டு. உடம்பின் அசதி மனத்தின் கணக்கில் ஏறிவிடக்கூடும்.

இவற்றைப் பிரித்தறிய ஒரே நேர்மையான வழி, சீட்டுக் குலுக்கிப் போடுவது போல மக்களை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு வைட்டமினும் மறு கூட்டத்துக்கு அதே போன்ற வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பது. அமெரிக்காவில் 18,353 பேரிடம் இப்படிச் செய்தார்கள். நாளுக்கு 2,000 அலகு வைட்டமின் 'டி', ஐந்து ஆண்டுகளுக்கு மேல். 2020இல் முடிவு வந்தது: மனச்சோர்வு வருவதில் இரு கூட்டத்துக்கும் வேறுபாடு இல்லை.

இதையும் அளவோடுதான் எடுத்துக் கொள்ள வேண்டும். அவர்கள் எல்லாரும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். பெரும்பாலோருக்கு வைட்டமின் குறைவும் இல்லை. நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றினால் என்ன தெரியும்? பின்லாந்து ஆராய்ச்சியாளர் தலைமையிலான குழு ஒன்று இத்தகைய 41 சோதனைகளைத் திரட்டி 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சிறிது நன்மை இருப்பதாகத் தெரிந்தது. ஆனால் இந்தச் சான்றின் உறுதி மிகக் குறைவு என்று அவர்களே குறித்திருக்கிறார்கள். கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. திறந்திருக்கும் கேள்வியை மூடியதாக விற்பது விஞ்ஞானம் ஆகாது.

வெயிலில் 'டி' மட்டுமா இருக்கிறது?

இன்னொன்றையும் கவனியுங்கள். வெயில் நம்மை இரண்டு வாசல் வழியாக வந்தடைகிறது. தோல் ஒரு வாசல், கண் இன்னொன்று. வடநாடுகளில் குளிர்காலந்தோறும் வரும் ஒருவகை மனச்சோர்வை 1984இல் அமெரிக்க மருத்துவர் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும் விவரித்தார்கள். அதற்குப் பயன்படுத்தும் விளக்கில் புற ஊதாக் கதிர் தேவையில்லை. காலையில் கண்ணில் படும் பிரகாசமான வெண்ணொளியே மருந்து. அது மூளைக்குள் இருக்கும் உடற்கடிகாரத்தைச் சரிப்படுத்துகிறது. அதனால் தூக்கமும் சீராகிறது.

நம் வகுப்பறையின் வெளிச்சம் சில நூறு லக்ஸ். வெளியே மர நிழலில் பல்லாயிரம் லக்ஸ். நேர் வெயிலில் ஒரு இலட்சம்! வைட்டமினுக்கு உதவாத அந்த ஏழு மணி இளவெயில், உடற்கடிகாரத்துக்கு உதவுகிறது. பாட்டி சொன்னது முற்றிலும் தவறல்ல, காரணம்தான் வேறு. வெளியே போனால் ஒளி மட்டுமா கிடைக்கிறது? ஓட்டம், வியர்வை, சிரிப்பு, சண்டை, சமாதானம் எல்லாம் சேர்ந்து கிடைக்கின்றன. ஒரு மாத்திரை இவற்றில் ஒன்றே ஒன்றைத் தரும்.

ஆகவே என்ன செய்வது?

வைட்டமின் 'டி' குறைவு என்று மருத்துவர் சொன்னால் மருந்து சாப்பிடத்தான் வேண்டும். எலும்பு உறுதிப்படும் வயது உங்களுடையது. அந்த வயதைத் தவறவிட்டால் மறுபடி கிடைக்காது. ஆனால் நீங்களாகக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். ஒரு நாள் தேவை 600 அலகு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020இல் வகுத்திருக்கிறது. கடையில் விற்கும் ஒரே உறையில் 60,000 அலகு இருக்கிறது. இந்த வைட்டமின் கொழுப்பில் கரைந்து உடலில் தங்கும். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, சிறுநீரகக் கோளாறு எல்லாம் வரும். வெயிலால் இந்த ஆபத்து இல்லை. அதிகமாக உண்டாகும் பொருளை அதே கதிர் பயனற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடுகிறது. அதற்காகச் சித்திரை உச்சி வெயிலில் நிற்க வேண்டாம். கோடையில் ஒன்பதரை மணியே போதும். நிழல் சிறுத்துவிட்டதா என்று பார்த்துக் கொண்டால் சரி. தோல் சிவக்கும்வரை, தலை சுற்றும்வரை நிற்பது நன்மை அல்ல. உடை மூடியிருப்போருக்கு வீட்டு முற்றமும் மொட்டை மாடியும் இருக்கின்றன.

பள்ளிகளுக்கு ஒன்று சொல்வேன். விளையாட்டுப் பாடவேளையைப் பிடுங்காதீர்கள். அதை முற்பகலில் வையுங்கள். அது படிப்பிலிருந்து திருடப்பட்ட நேரம் அல்ல. ஷூ கம்பெனி முதலாளிகளுக்கும் ஒன்று: மதிய உணவை வேலிக்குள்ளேயே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் ஒதுக்குவது பெரிய செலவு அல்ல. பதனிட்ட தோலுக்கு எத்தனை பக்குவம் பார்க்கிறோம்! அதைத் தைப்பவரின் தோலுக்கும் நாளில் அரை மணி கிடைக்கட்டும்.

கடைசியாக உங்களுக்கு. உங்களுக்கோ, உங்கள் நண்பருக்கோ, கம்பெனிக்குப் போகும் அக்காவுக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் துக்கம் விலகாமல் இருந்தால், எதிலும் விருப்பம் இல்லாமல் போனால், தூக்கமும் பசியும் கெட்டால், உயிர் வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், அதை "வைட்டமின் குறைவுதான்" என்று ஒதுக்கிவிடாதீர்கள்; "சோம்பேறித்தனம்" என்று யாரும் சொல்லவும் விடாதீர்கள். நம்பும் பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். இரத்தத்தில் இத்தனை நானோகிராம் என்று சோதனைச் சாலை சொல்லிவிடும். உள்ளே என்ன வருத்தம் என்பதை மனிதர்தான் கேட்டறிய வேண்டும்.